படம் பார்த்த படலம்

திருவனந்தபுரத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கிய புதிதில், என் மார்பின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தோ! இதயம் வலப்புறம் சாய்ந்திருந்தது. விடுதியிலிருந்த மூத்த மாணவரிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, இது முகம் பார்க்கும் கண்ணாடி அன்று, உனக்கு எதிரே நிற்பவன் உன்னைக் காணும் காட்சி" என்றார்.

நண்பர்களே, நிறத்தைப் பார்க்குமுன் பக்கத்தைப் பாருங்கள். நோயாளியின் வலம் நம் இடப்புறம் வரும். ஓரத்திலுள்ள 'ஆர்' வலத்தையும், 'எல்' இடத்தையும் காட்டும். சி.டி. ஸ்கேனின் குறுக்குவெட்டுப் படத்தையோ, படுத்திருப்பவரின் காற்புறம் நின்று பார்ப்பதாகக் கொள்ள வேண்டும்.

பின்னரே நிறம். கதிரைத் தடுக்கும் எலும்பு வெளுக்கும். தடுக்காத காற்று கறுக்கும். 1971இல் முதல் நோயாளியின் தலையைப் படம்பிடித்த சி.டி. கருவியை ஆக்கியவர் ஹவுன்ஸ்பீல்டு. அவர் பெயரால் இதற்கு ஓர் அளவும் உண்டு: நீர் 0, காற்று −1000. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்கதிர் இல்லை. காந்தமும் வானொலி அலையுமே வேலை செய்கின்றன. ஆகவே கெட்டியான எலும்பு அங்கே கறுத்துத் தோன்றும்!

பக்கம் பிறழ்ந்து நான் அடைந்தது நாணம் மட்டுமே. அறுவை அறையில் பிறழ்ந்தால், நோயற்ற சிறுநீரகத்தின்மேலன்றோ கத்தி படும்!