மூன்று பேர் இருக்கும் வகையை என்ன செய்வது?

கேள்வி: ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) தரவிலிருந்து சேலம், நாமக்கல் மாவட்டங்களை மட்டும் பிரித்தெடுத்து, யாருக்குச் சிசேரியன் அதிகம் நடக்கிறது என்று லாஜிஸ்டிக் ரெக்ரஷன் போட்டேன். பிரசவம் நடந்த இடம், மதம், சமையல் எரிபொருள் என்று எதை எடுத்தாலும் சில வகைகளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள். ஸ்டேட்டா அந்த வகைகளைத் தானாகவே நீக்கிவிடுகிறது. ஆர் மென்பொருளில் அவற்றுக்கே மூன்று நட்சத்திரம் விழுகிறது. சில சமயம் ஸ்டேட்டாவில் திட்டப்பிழை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி. எல்லாவற்றையும் 'மற்றவை' என்று சேர்த்துவிடலாமா?
— ஆய்வு மாணவி, திருச்செங்கோடு

பதில்: சேர்ப்பது இருக்கட்டும். ஒவ்வொரு வகையும் ஏன் சிறுத்துப்போனது என்று முதலில் பாருங்கள்.

பிரசவம் நடந்த இடத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. எனவே உங்கள் இரண்டு மாவட்டங்களில் வீட்டுப் பிரசவம் அரிதாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் சிக்கல் எண்ணிக்கை குறைவு என்பதல்ல. வீட்டில் யாருக்கும் சிசேரியன் செய்ய முடியாது. ஆயிரம் வீட்டுப் பிரசவம் இருந்தாலும் அந்தக் கட்டத்தில் பூஜ்யம்தான். ஸ்டேட்டா இதைக் கண்டுபிடித்து, அந்த வகையையும் அதிலுள்ள ஆட்களையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறது. ஒரு வரிக் குறிப்பும் போடுகிறது. அந்தக் குறிப்பை யாரும் படிப்பதில்லை என்பது வேறு கதை. இங்கே மென்பொருளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கேள்வியைத்தான் திருத்த வேண்டும். 'மருத்துவமனையில் பிரசவித்தவர்களில் யாருக்குச் சிசேரியன்' என்று மாற்றுங்கள். சொல்ல வேண்டிய சேதியும் அங்கேதான் இருக்கிறது: மாநில அளவில் மொத்தம் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8.

ஆர் போடும் மூன்று நட்சத்திரத்தை நம்பாதீர்கள். சாதாரண லாஜிஸ்டிக்கில் இப்படி ஒரு வகை வந்தால் கெழுவும் திட்டப்பிழையும் இரண்டுமே பூதாகரமாக வீங்கும், பார்த்தவுடன் சந்தேகம் வரும். சர்வே வடிவமைப்பைக் கணக்கில் எடுக்கும் கட்டளையில் அப்படியில்லை. அங்கே திட்டப்பிழை எச்சங்களிலிருந்து வருகிறது. அந்த வகையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே விடை என்பதால் எச்சம் கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால் கெழு மைனஸ் பதினைந்து, பதினாறு என்று போனாலும் திட்டப்பிழை மட்டும் அடக்கமாக நிற்கும். அப்படிப்பட்ட கெழுவைக் கண்டால் நட்சத்திரத்தைப் பார்க்காமல் குறுக்கு அட்டவணையைப் பாருங்கள்.

எரிபொருள் கதை வேறு. தரவில் மின்சாரத்துக்குக் குறியீடு 1, கேஸுக்கு 2. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஸ்டேட்டா சின்ன எண்ணைத்தான் அடிப்படை வகையாக எடுக்கும். மின்சார அடுப்பில் மட்டும் சமைக்கும் ஒரு சிலரோடு மற்ற எல்லோரையும் ஒப்பிட்டால் எந்தக் கெழுவும் நிலைக்காது. அடிப்படை 2 என்று நீங்களே குறிப்பிடுங்கள். மின்சாரம், கேஸ், சாண எரிவாயு மூன்றையும் 'தூய எரிபொருள்' என்று இந்த ஆய்வே ஒன்றாக வைக்கிறது. நீங்களும் அப்படியே சேர்க்கலாம். விறகு, சுள்ளி, வறட்டி எல்லாம் இன்னொரு பக்கம். இது அர்த்தம் பார்த்துச் சேர்ப்பது. கெழுக்களைப் பார்த்துவிட்டு, எதைச் சேர்த்தால் நட்சத்திரம் விழும் என்று சேர்ப்பது ஆய்வல்ல.

'மற்றவை' என்ற பெட்டி எனக்குப் பிடிப்பதேயில்லை. நாளை நீங்களே களத்தில் இறங்கித் தொழிலைக் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். சங்ககிரி லாரி டிரைவரையும், சேலத்தில் வெள்ளிக் கொலுசு செய்பவரையும், ஆத்தூர் பக்கம் சேகோ ஆலைக்குப் போகிறவரையும் ஆள் குறைவு என்பதற்காக ஒரே பெட்டியில் போட்டால், அதற்கு வரும் கெழு யாரைப் பற்றியது? டிரைவர் பல நாள் வீட்டிலேயே இருக்கமாட்டார். மனைவியின் பிரசவத்தைப் பற்றிய ஆய்வில் அது சின்ன விஷயமா? மதத்துக்கும் இதே நியாயம்தான். இரண்டு மாவட்டத்தில் ஆள் போதாவிட்டால் மாநிலம் முழுவதையும் எடுங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 25,650 பெண்களிடம் பேட்டி எடுத்திருக்கிறார்கள்.

வெறும் புள்ளி வருவதற்கு, உங்களுக்கு வேண்டாத வரிசைகளை நீங்கள் அழித்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஏதோ ஒரு ஸ்ட்ராட்டத்தில் ஒரே ஒரு கிளஸ்டர் மிஞ்சினால் அதற்குள் வேறுபாட்டைக் கணக்கிட வழியில்லை. அழிக்காமல் முழுத் தரவையும் வைத்துக்கொண்டு, உங்களுக்கு வேண்டியவர்களை உட்குழுவாக மட்டும் குறிப்பிடுங்கள். ஒற்றைக் கிளஸ்டரைச் சமாளிக்க இரண்டு மென்பொருளிலும் வசதி உண்டு என்றாலும், அது கடைசி வழி.

அரிதான வகையைத் தனியாக வைத்தே தீர வேண்டுமென்றால் டேவிட் ஃபர்த் 1993-ல் தந்த திருத்த முறை இருக்கிறது. வழக்கமாகக் கிடைக்கும் ஃபர்த் கட்டளைகள் கிளஸ்டரைக் கணக்கில் எடுப்பதில்லை. சரிபார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

எதைச் செய்தாலும், ஒவ்வொரு வகையிலும் வெயிட் போடாத எண்ணிக்கை எத்தனை என்று ஆய்வேட்டில் ஓர் அட்டவணை கொடுங்கள். இந்த ஆய்வின் அறிக்கையே 25 பேருக்குக் குறைவான இடத்தில் சதவீதத்தைப் போடாமல் நட்சத்திரக் குறி இடுகிறது. 25 முதல் 49 வரை இருந்தால் அடைப்புக்குறிக்குள் தருகிறது.