வாண வேடிக்கையைச் செல்போனில் படம் பிடிப்பது எப்படி?



போன தீபாவளிக்கு எங்க அண்ணன் ஊருக்கு வரலை. திருப்பூரில் வேலை, லீவு கிடைக்கலை. "நம்ம ஊர் வாணத்தையாவது போட்டோ எடுத்து அனுப்புடா" என்றான். அப்பாவோட செல்போனில் நாற்பது படம் எடுத்தேன். எல்லாம் வெள்ளைப் பொட்டும் புகையும்தான்! பார்த்துவிட்டு, "இதில் நம்ம ஊர் எங்கேடா?" என்று கேட்டான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அறிவியல் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் நம்ம மலையில் இருக்கும் காவலூரைச் சொல்லித்தான் விளக்கினார்.

காவலூர் சொல்லும் பாடம்

காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் அகல ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. 1986-ல் திறக்கப்பட்டது. அங்கேயே 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் படம் எடுத்து, 1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் என்ற விஞ்ஞானி ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

மங்கலான ஒளியைப் பிடிக்க ரொம்ப நேரம் படம் எடுக்கணும். அதற்குள் வானம் நகர்ந்துவிடும். அதனால் தொலைநோக்கியும் கூடவே மெதுவாகத் திரும்பும். திரும்பாவிட்டால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுத்துவிடும்.

நமக்கு வேண்டியதே அந்தக் கோடுதான்! வாணம் ஓடட்டும், போன் ஆடக்கூடாது. அப்போது ஒவ்வொரு பொறியும் தன் பாதையைத் தானே வரைந்துவிடும்.

செய்ய வேண்டியவை

1. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். அதன் வெளிச்சம் சில மீட்டர்தான் எட்டும். பக்கத்துப் புகைதான் வெள்ளையாகத் தெரியும்.

2. போனைக் கையில் பிடிக்காதீர்கள். திண்ணையில் ஒரு சாமை மூட்டையைப் போட்டு அதில் சாய்த்து வையுங்கள்.

3. 'புரோ' மோடு இருந்தால் ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 2 முதல் 4 நொடி வையுங்கள். படம் வெளுத்தால் நொடியைக் குறையுங்கள். ஸ்ட்ரான்சியம் தரும் சிவப்பும் சோடியம் தரும் மஞ்சளும் அப்போதுதான் நிறமாக விழும்.

4. ஃபோகஸைத் தூரத்துக்கு வையுங்கள். பல போன்களில் அதற்கு மலைப் படம் போட்டிருக்கும்.

5. திரையைத் தட்டினால் போன் ஆடும். ஹெட்செட் மாட்டி அதன் வால்யூம் பட்டனை அமுக்கினால் பல போன்களில் படம் விழும். ராக்கெட் கிளம்பும்போதே அமுக்குங்கள்.

6. காற்று முதுகுப் பக்கம் வரும்படி நில்லுங்கள். முதல் சில வாணங்களிலேயே எடுத்துவிடுங்கள். பிறகு புகை சூழ்ந்துவிடும்.

7. படத்தின் கீழே வீட்டுக் கூரையோ புளியமரமோ தெரியட்டும். இல்லாவிட்டால் அது எந்த ஊர் வாணமாகவும் இருக்கலாம்!

முன்னாடியே பழகுங்கள்

நம் மாநிலத்தில் 2018 முதல் தீபாவளி இரவில் வெடிக்க 7 மணி முதல் 8 மணி வரைதான் நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் பழக முடியாது. இன்றைக்கே இருட்டு அறையில் நண்பனை ஊதுவத்தியைச் சுற்றச் சொல்லி எடுத்துப் பாருங்கள். நெருப்பு வட்டம் விழுந்தால் நீங்கள் தயார்!

எச்சரிக்கை: பற்ற வைப்பவர் படம் எடுக்கக்கூடாது, எடுப்பவர் பற்ற வைக்கக்கூடாது. கிட்டே போய் எடுத்தால் கண்ணுக்கு ஆபத்து. ராக்கெட்டைக் கூரைப் பக்கமோ காட்டுப் பக்கமோ விடாதீர்கள்.

இந்த வருஷம் அண்ணனுக்கு நாற்பது படம் வேண்டாம், ஒன்று போதும். அதில் எங்க வீட்டுக் கூரை தெரியணும்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவன்