நீர்நிலையில் பறவையும் பங்காளியே

வியாபாரத்தில் பழகிய நமக்கு ஒரு சுபாவம் உண்டு. எதைப் பார்த்தாலும் வரவு என்ன, செலவு என்ன என்று மனம் தானாகவே கணக்குப் போடும். அந்தக் கண்ணோடு ஒரு சதுப்பு நிலத்தைப் பார்த்தால் அது பூட்டிக் கிடக்கும் கடையைப் போலத்தான் தோன்றும். சேறும் கோரையும் கொசுவும். நடுவே நாலைந்து கொக்குகள். "இதை மண் கொட்டி மேடாக்கினால் எத்தனை கடை கட்டலாம்!" என்ற எண்ணம் நம்மில் பலருக்கு எழுந்திருக்கும். அந்தக் கணக்கில் வரவுப் பக்கம் எழுதப்படாமலே விடுபட்டுப் போயிற்று என்பதை இப்பாடத்தில் எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

விடுபட்ட வரவு

பெருமழை பெய்யும்போது வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்பவை ஏரிகளும் சதுப்பு நிலங்களுமே. வாங்கிய நீரை அவை மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்கிக் கிணறுகளுக்கு ஊற்றளிக்கின்றன. சேறும் கோரையும் அழுக்கை வடிகட்டுகின்றன. கடலோரத்து அலையாத்தி மரங்களின் வேர்களிடையே மீன்குஞ்சும் இறாலும் வளர்கின்றன.

1971 ஆம் ஆண்டு பிப்ரவரி 2 ஆம் நாள் ஈரான் தேசத்து ராம்சர் நகரில் ஈரநிலங்களைக் காப்பதற்கு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. நீர்ப்பறவைகளின் உறைவிடம் என்பதை அதன் பெயரிலேயே சேர்த்திருக்கிறார்கள். பறவையே நீர்நிலைக்குச் சாட்சி. நீர் கெட்டு, மீனும் புழுவும் அற்றுப்போனால், அது வேறிடம் தேடிப் பறந்துவிடும்.

வேடந்தாங்கல் மக்கள் கண்ட இலாபம்

செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ளது. கூழைக்கடா, கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம் முதலியவை நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலக்க, தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறிய அந்நீர் நெல்வயலுக்குப் பாய்கிறது. உரத்துக்கு ஆகும் செலவு குறைகிறது. இதை அவ்வூர்க் குடியானவர்கள் எந்த நூலையும் படித்து அறியவில்லை, அறுவடையில் கண்டறிந்தார்கள்.

ஆங்கிலேயச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை ஒப்புக்கொண்டு 1798 ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ் கௌல் எழுதிக் கொடுத்தார். 1858 ஆம் ஆண்டில் அது புதுப்பிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் அந்த ஏரி ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. சர்க்கார் முந்திக்கொண்டு சட்டம் போட்டு, பிறகு மக்கள் கட்டுப்பட்ட கதையன்று இது. மக்கள் கேட்டார்கள், சர்க்கார் எழுதிக் கொடுத்தது.

நம்மில் பலருக்குப் பூர்வீகமான தென்காசி, கடையநல்லூர் ஊர்கள் 2019 வரை அடங்கியிருந்த திருநெல்வேலி மாவட்டத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தில் நாரைகள் வீட்டு மரங்களிலும் கூடு கட்டுகின்றன. அவை மிரளாதிருக்க அவ்வூரார் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. குளத்து வண்டலை வயலுக்கு எருவாக்கிக்கொள்கிறார்கள். இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்தும் அங்கே வந்து தங்குகிறது. 1994 ஆம் ஆண்டில் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது.

சிங்கப்பூரில் நடந்தது

நாம் தொழில் செய்யும் சிங்கப்பூரிலும் இப்படி ஒரு முயற்சி பலித்திருக்கிறது. சுங்கை பூலோவில் முன்பு இறால் குளங்களும் மீன் பண்ணைகளும் இருந்தன. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் அங்கே ஏராளமாகத் தங்குவதைப் பறவை ஆர்வலர்கள் கண்டார்கள். 1986 ஆம் ஆண்டில் மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை அதைக் காக்கும்படி அரசாங்கத்திடம் யோசனை வைத்தது. 1989 இல் அவ்விடம் பூங்காவாக ஒதுக்கப்பட்டு, 1993 டிசம்பர் 6 அன்று திறக்கப்பட்டது. 2002 இல் 130 ஹெக்டேர் கொண்ட இயற்கை வனமாயிற்று. இறால் வளர்த்தோர் மதகைத் திறந்து மூடி நீரை ஏற்றி இறக்கியது போலவே, இன்றும் அங்கே மதகைக் கொண்டு நீர்மட்டத்தை அடக்குகிறார்கள். வெளியே கடல் ஏறிச் சேற்றுத் திட்டுகள் மூழ்கும் வேளையில், பறவைகள் உள்ளே குளங்களில் கால் ஊன்றி இளைப்பாறுகின்றன.

கணக்கு மறந்தால்

பத்திரம் மட்டும் பறவையைக் காத்துவிடாது. வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலும் 1998 இல் சரணாலயமாக அறிவித்திருந்தும், 2020 இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை எழுந்தது, பலர் எதிர்த்தார்கள். ஆழ்குழாய்க் கிணறும் மூட்டை உரமும் வந்தபின், பறவை தரும் வரவு சிறிதாகத் தோன்றலாம். தோன்றும் அந்நாளே ஆபத்தான நாள்.

சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் இன்றுள்ளதைப்போல் பல மடங்கு பரந்து கிடந்தது. குப்பையும் கட்டடமும் அதைச் சுருக்கிவிட்டன. 2015 டிசம்பர் பெருமழையில் அதை அடுத்த வேளச்சேரி முதலிய பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. தேங்க இடமிழந்த நீர் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் புகுந்தது. மலிவாக வாங்கிய மனையின் மீதி விலையை மழை வந்து வசூலித்துப் போயிற்று.

நாம் செய்யத்தக்கவை

முதலாவது, ஊரில் மனை வாங்கப் பணம் அனுப்புமுன், அந்நிலம் பழைய பதிவேட்டில் ஏரி, குளம், ஓடை என்று இருக்கிறதா என விசாரித்துக்கொள்வோம். விலை மலிவென்று ஏரியின் உள்வாயில் வீடு கட்டுவது, பிள்ளைகளுக்கு வெள்ளத்தை எழுதி வைப்பதாகும்.

இரண்டாவது, கடையின் எண்ணெயையும் பிளாஸ்டிக்கையும் கால்வாயில் விடாதிருப்போம். இங்குள்ள மழைநீர்க் கால்வாய்கள் நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோதான் போகின்றன.

மூன்றாவது, செப்டம்பர் முதல் மார்ச் வரையுள்ள பருவத்தில் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைச் சுங்கை பூலோவுக்கு அழைத்துச் செல்வோம். கட்டணமில்லை. கண்டு பழகியதைத்தான் மனிதன் காக்க முன்வருவான்.

கூட்டு வியாபாரத்தில் பங்காளியை விரட்டிவிட்டு முதலை மட்டும் வைத்துக்கொள்ள எண்ணுவோர், சில நாளில் முதலையும் இழப்பதை நாம் கண்டிருக்கிறோம். நீர்நிலையில் பறவை அத்தகைய பங்காளி. அதன் பங்கைக் கொடுத்துவிட்டால் நம் பங்கு தானே வந்து சேரும் என்பதை அன்பர்கள் மனத்திற்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.