சீரான துடிப்பும் பிணியின் குறியே

மூச்சை உள்ளிழுக்கையில் இதயம் சற்றே விரைகிறது, வெளிவிடுகையில் தணிகிறது. இவ்வேற்றத்தாழ்வு குறையன்று; நலத்தின் அடையாளம். தன்னியக்க நரம்புகளுள் மிக நீண்டதாகிய வேகஸ் நரம்பே இதயத்துக்குக் கடிவாளம். இளமையில் அதன் பிடி வலியது.

இன்சுலின் சுரக்காத முதல் வகை நீரிழிவுற்ற பதின்பருவத்தினரிடம் குருதிச் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருப்பின், அந்நரம்பு நலியத் தொடங்கலாம். கடிவாளம் தளரவே, இதயம் ஓய்விலும் விரைந்து, கடிகாரம்போல் ஒரே சீராய்த் துடிக்கும். வலியில்லை, பிள்ளை வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்கிறான். பெற்றோர் ஐயுற யாதொன்றும் இராது. அஞ்சத்தக்கது இதுவே.

கண்டறிதலோ எளிது. நிமிடத்துக்கு ஆறுமுறை ஆழ்ந்து மூச்சுவிடச் செய்து இதய மின்வரைபடம் எடுப்பர். எடின்பரோ மருத்துவர் யூயிங் முதலியோர் வகுத்தவாறு, துடிப்பு வேறுபாடு 15க்குக் குறையாதிருத்தல் நலம். 10க்கு மேற்படாவிடில் பழுது. (இளையோரிடம் இவ்வேறுபாடு இயல்பாகவே மிகுதி, வயதறிந்தே அளத்தல் வேண்டும்.)

அமெரிக்காவிலும் கனடாவிலும் 13 முதல் 39 வயதுடைய 1,441 பேரிடம் நிகழ்ந்து 1993இல் முற்றுப்பெற்ற பேராய்வு, சர்க்கரையை இறுகக் கட்டுப்படுத்தின் நரம்புப் பழுது ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவதைக் காட்டிற்று. ஆயின் கடுமையான தாழ்சர்க்கரை மயக்கமோ ஏறத்தாழ மும்மடங்காயிற்று. நரம்பு நலிந்தோர்க்கு அதனை முன்னறிவிக்கும் படபடப்பும் மங்கிவிடக்கூடும். ஆதலின் எவ்வளவு இறுக்குவது என்பதை ஒவ்வொருவர்க்கும் மருத்துவர் தனித்தனியே வரையறுக்கின்றனர்.