புகாரைப் படிக்கத் தெரிந்தால் ப்ரமோஷன்: மாலத்தீவு ரிசார்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு

கேட்டரிங் படிப்பை முடித்த கையோடு மாலத்தீவு ரிசார்ட் வேலைக்குப் போகும் தமிழ் இளைஞர்கள் நிறைய. எல்லோர் கையிலும் ஒரே மாதிரி சர்டிஃபிகேட், ஒரே மாதிரி ரெஸ்யூமே, கிட்டத்தட்ட ஒரே அளவு ஆங்கிலம். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் ஒருவர் சூப்பர்வைசர் ஆகியிருப்பார், அவருடன் சேர்ந்தவர் இன்னும் அதே ட்ரேயைத் தூக்கிக்கொண்டிருப்பார். உழைப்பில் இருவரும் குறைந்தவர்கள் இல்லை. கெஸ்ட்டுக்கு மனக்குறை வந்துவிட்டது என்பதை முதலில் கண்டுபிடிப்பது யார் என்பதில்தான் வித்தியாசம்.

மனக்குறையை எல்லா நாட்டுக்காரர்களும் ஒரே மாதிரி காட்டுவதில்லை. ஒருவர் போட்டோ எடுத்து எழுதிக் கொடுப்பார். ஒருவர் சிரித்துக்கொண்டே செக் அவுட் செய்துவிட்டு ஊருக்குப் போய் ஆன்லைனில் ஒரு ஸ்டார் போடுவார். இன்னொருவர் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வருடம் வேறு தீவுக்குப் போய்விடுவார். இதைப் படிக்கத் தெரிந்த ஊழியரை எந்த மேனேஜரும் விடமாட்டார்.

மாலத்தீவில் இது ஏன் இவ்வளவு முக்கியம்? இங்கே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட். 1972-இல் முதல் ரிசார்ட்டான குரும்பா திறந்து, இத்தாலியப் பயணிகள் வந்த காலத்திலிருந்து ஏற்பாடு இதுதான். பிடிக்கவில்லை என்றால் எழுந்து பக்கத்துத் தெரு ஹோட்டலுக்குப் போக முடியாது. ரஷ்யர், சீனர், ஜெர்மானியர், இந்தியர் எல்லோரும் ஒரே பஃபேயில் ஒரே தோசைக் கல்லுக்கு முன்னால் நிற்கிறார்கள். 2024-இல் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். 2023-இல் முதலிடத்தில் இருந்தவர்கள் இந்தியர்கள், அடுத்த வருடம் சீனர்கள். ஒரே ஒரு நாட்டுக்காரர்களை நம்பிப் பழகினால் மார்க்கெட் மாறும்போது உங்கள் மதிப்பும் குறையும். கெஸ்ட் பில்லில் சேரும் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் ஊழியர்களுக்குப் பங்காக வருகிறது என்பதையும் மறக்காதீர்கள். தீவு நிரம்பினால் உங்கள் பாக்கெட்டும் நிரம்பும்.

1. முதலில் காலண்டரைப் படியுங்கள். யார் எப்போது வருவார்கள் என்று தெரிந்தவர் ப்ரீஃபிங்கில் தயாராக நிற்பார். டிசம்பர் கடைசியில் ஐரோப்பியக் கூட்டம். ரஷ்யர்களுக்குப் புத்தாண்டு விடுமுறை நீளும், அவர்களுடைய கிறிஸ்துமஸ் ஜனவரி 7. அடுத்து சீனப் புத்தாண்டு. அக்டோபர் 1-இல் சீனர்களின் தேசிய நாள் விடுமுறை வாரம். தீபாவளிக்கு நம் ஆட்கள். ஆகஸ்ட் மழைக்காலம்தான், ஆனாலும் இத்தாலியர்கள் வருவார்கள், ஏனென்றால் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டித்தான் அவர்கள் நாடே லீவில் இருக்கும். இரவு உணவுக்குப் பிறகு ஓர் இத்தாலியருக்கு நீங்களாகவே கப்புச்சினோ எடுத்துப் போகாதீர்கள். அது அவருக்குக் காலை பானம். சின்ன கப்பில் எஸ்பிரெஸ்ஸோ கேட்பார்.

2. காலை பதினொரு மணிக்குப் பீச்சில் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜெர்மானியரும் பிரிட்டிஷ்காரரும் சன் லவுஞ்சரை வெயிலுக்கு இழுத்துப் போடுவார்கள். சீனர்களும் இந்தியர்களும் குடையை இழுத்துக்கொண்டு நிழலுக்கு நகர்வார்கள். வெள்ளைக்காரக் கெஸ்ட்டுக்கு நிழலான வில்லாவும் சீனத் தம்பதிக்கு மேற்கு வெயில் அடிக்கும் வில்லாவும் கொடுத்துவிட்டு, யாருக்கும் திருப்தி இல்லையே என்று ஃப்ரன்ட் ஆபீஸ் தலையைப் பிய்த்துக்கொள்ளும். ரூம் அலாட் செய்யும் நேரத்திலேயே நீங்கள் இதைச் சொன்னால் உங்கள் பெயர் ஞாபகத்தில் நிற்கும். விடியற்காலையில் டவல் போட்டு லவுஞ்சர் பிடிப்பது இன்னொரு தலைவலி. அதற்கு ரிசார்ட்டின் விதி என்ன என்று தெரிந்து வைத்திருங்கள். எடுத்தால் எல்லோருடைய டவலையும் எடுங்கள், இல்லையென்றால் ஒருவருடையதையும் தொடாதீர்கள்.

3. ஜெர்மானியர் நேராகச் சொல்வார். ஏசி சத்தம், பக்கத்தில் கட்டுமான வேலை, பூலில் தண்ணீர் இல்லை என்று தேதி, நேரம், போட்டோவுடன் வருவார். கோபக்காரர் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். டூர் கம்பெனியிடமிருந்து பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்க வேண்டுமானால், குறையை அங்கேயே உடனே தெரிவித்திருக்க வேண்டும் என்பது அவர் நாட்டுச் சட்டம். எந்தக் குறைக்கு எத்தனை சதவீதம் கழிக்கலாம் என்று ஃப்ராங்க்ஃபர்ட் நீதிமன்றம் 1985-இல் ஓர் அட்டவணையே வெளியிட்டது. அது கட்டாயம் இல்லை என்றாலும் பல வருடங்கள் வழிகாட்டியாக இருந்தது. ஆகவே அவருக்குப் பத்துத் தடவை ‘ஸாரி’ தேவையில்லை. எத்தனை மணிக்குச் சரியாகும், யார் வருவார்கள் என்று சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு ஆளை அனுப்புங்கள். லாக் புக்கில் எழுதுங்கள். நேரம் என்றதும் ஒன்று: பல ரிசார்ட்டுகளில் கடிகாரம் தலைநகர் மாலேயின் நேரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். சீபிளேன் எத்தனை மணிக்கு என்று சொல்லும்போது எந்த நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சீபிளேன் பகலில் மட்டும்தான் பறக்கும், தவறவிட்டால் அவருக்கு ஒரு நாள் போச்சு.

4. பிரிட்டிஷ்காரர் இதற்கு நேர்மாறு. சாப்பாடு ஆறிப் போயிருந்தாலும், எப்படி இருக்கிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். தட்டைப் பாருங்கள். பாதிச் சாப்பாடு மிச்சம் இருந்தால் அதுதான் புகார். பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள்: மீன் கூடுதலாக வெந்துவிட்டதா, வேறு கொண்டுவரட்டுமா? அப்போது உண்மை வரும். அன்றிரவே சரிசெய்தால் ட்ரிப் அட்வைசரில் அது வராது.

5. ரஷ்யர் சிரிக்கவில்லை என்று பயப்படாதீர்கள். தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது அங்கே வழக்கம் இல்லை, அவ்வளவுதான். குரல் கறாராக இருந்தாலும் பெரும்பாலும் அது கேள்விதான், சண்டை இல்லை. ஹனிமூன் செட்டப்பில் மட்டும் கவனம். அவர்களிடம் இரட்டைப்படை எண்ணிக்கையில் பூ கொடுப்பது சாவுக்கு. மூன்று, ஐந்து, ஏழு என்று வையுங்கள். பிறந்தநாளுக்கு முன்கூட்டியே வாழ்த்துவதையும் கெட்ட சகுனமாக நினைப்பவர்கள் நிறைய. கேக் அன்றைக்குத்தான் போக வேண்டும், முந்தைய நாள் போகக் கூடாது.

6. சீனக் கெஸ்ட்டுக்கு வெந்நீர்க் கெட்டில், ரூமில் செருப்பு, காலையில் அரிசிக் கஞ்சி. இந்த மூன்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நான்காம் எண் ரூமைத் தவிர்த்துக் கொடுங்கள். எந்தக் கார்டைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுங்கள். குடும்பத்தின் முன்னால் ‘முடியாது’ என்று சொல்லிவிடாதீர்கள், அவருக்கு மானப் பிரச்சினை. தனியாக அழைத்து, மாற்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இந்த மானப் பிரச்சினைதான் கடலில் உயிருக்கே ஆபத்தாகிறது. ஸ்நார்க்கலிங் வரும் சீனர்களிலும் இந்தியர்களிலும் நீச்சல் தெரியாதவர்கள் பலர். புது மனைவி பக்கத்தில் நிற்கும்போது ‘நீந்தத் தெரியுமா?’ என்று கேட்டால் யார் தெரியாது என்பார்? ‘கடைசியாக எப்போது கடலில் நீந்தினீர்கள்?’ என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும். ரீஃப் விளிம்பில் ஆழம் சட்டென்று இறங்கும். தீவுகளுக்கு இடையே நீரோட்டம் இழுக்கும். போட்டோவுக்கு இடைஞ்சல் என்று ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிப்ஸ் போனால் போகட்டும். இதில் மட்டும் சமரசமே வேண்டாம்.

7. ஜப்பானியர் வாயே திறக்க மாட்டார். சொன்ன நேரத்தில் இரண்டு நிமிடம் தாமதமானாலும் நீங்களே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேளுங்கள். அவர் நாட்டில் டிப்ஸ் பழக்கம் இல்லை, அதனால் சர்வீஸ் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வளைகுடா நாட்டுக் குடும்பங்களுக்குத் தனிமை முக்கியம். பெல் அடித்துவிட்டுக் காத்திருங்கள், பெண்கள் இருக்கும் வில்லாவுக்குப் பெண் ஊழியரை அனுப்பச் சொல்லுங்கள், தொழுகைத் திசை எது என்று தெரிந்து வைத்திருங்கள்.

8. இப்போது நம் ஆட்கள். இந்தியக் கெஸ்ட்டிடம்தான் இந்திய ஊழியர் அதிகம் தடுமாறுகிறார். காரணத்தை வெளிப்படையாகவே சொல்லலாம். வெள்ளைக்காரர் மேஜைக்கு முதலில் ஓடி, நம் ஊர்க்காரர் மேஜைக்கு அப்புறம் போகும் பழக்கம் நம்மில் பலரிடம் இருக்கிறது. இது மிகக் கேவலமான பழக்கம். கொடுக்கிற டாலர் ஒன்றுதான். உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் அந்தக் குடும்பம் இதைக் கவனித்துவிடும். பிறகு சட்னி சரியில்லை, ஏசி சரியில்லை என்று வரும் புகாருக்கெல்லாம் வேர் அதுதான். வந்த வரிசையில் கவனியுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

சாப்பாடு அடுத்தது. ஐரோப்பிய வெஜிடேரியன் பெரும்பாலும் முட்டை சாப்பிடுவார். நம் ஊர் சைவர் பலர் கேக்கில் முட்டை இருந்தாலே தொடமாட்டார். ஜெயின் குடும்பத்துக்கு வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடாது. கரண்டி தனியாக இருக்கிறதா என்று அவர்கள் கேட்கும் முன்பே நீங்கள் பார்த்துவிடுங்கள். கிச்சனில் இதைத் தெளிவாக எடுத்துச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள்தான். உங்கள் பலம் அது.

சுடிதாரோடு பூலில் இறங்கும் பெண்களைப் பார்த்து மற்ற கெஸ்ட்கள் முறைப்பார்கள். தூரத்திலிருந்து கத்தாதீர்கள். அருகில் போய், ‘மேடம், துணியின் நூல் ஃபில்டரில் அடைத்துக்கொள்ளும். முழுக்கை ராஷ் கார்டும் லெக்கிங்ஸும் ஷாப்பில் இருக்கிறது, எடுத்து வரட்டுமா?’ என்று கேளுங்கள். உடம்பை மறைக்க விரும்புகிறவரிடம் மறைக்கும் உடையையே நீட்டுகிறீர்கள். பிறகு தகராறு எதற்கு வரப்போகிறது?

‘தம்பி, எந்த ஊரு?’ என்று தமிழ்க் குடும்பம் கேட்டால் ஊரைச் சொல்லுங்கள், தமிழிலேயே பேசுங்கள். அடுத்து, ‘வாட்டர் வில்லாவுக்கு மாத்திக் கொடுக்கச் சொல்லேன்’ என்று வரும். அங்கே வாக்குக் கொடுக்காதீர்கள். ‘டியூட்டி மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறேன் சார்’ என்று சொல்லி, கேட்டு, திரும்பி வந்து பதிலையும் சொல்லுங்கள். குழந்தை எதையும் சாப்பிடவில்லை என்றால் செஃப்பிடம் சொல்லி ஒரு கிண்ணம் ரசம் சாதம் வாங்கிக் கொடுங்கள். வில்லா கிடைக்காததை அந்த அம்மா மறந்துவிடுவார்.

9. பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வருபவர் குஜராத்திக் குடும்பமாக இருக்கலாம். ஜெர்மானியர் வீட்டில் ரஷ்ய மொழி பேசலாம். நாடு என்பது முதல் யூகம் மட்டும்தான். இரண்டாவது நாள் காலைக்குள் அந்த ஆளின் பழக்கம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததைக் கெஸ்ட் ப்ரொஃபைலில் ஏற்றுங்கள்: இஞ்சி டீ, நிழல், பத்து மணிக்கு முன்னால் ஹவுஸ்கீப்பிங் வேண்டாம். அடுத்த வருடம் அவர் வரும்போது சிஸ்டத்தில் உங்கள் குறிப்பு முன்னால் வந்து நிற்கும். அப்ரைசல் நேரத்தில் எடுத்துக் காட்டுங்கள். தானாக யாரும் கவனிக்க மாட்டார்கள். அரசியலை மட்டும் கெஸ்ட்டோடு பேசவே பேசாதீர்கள். 2024 ஜனவரியில் இந்தியா-மாலத்தீவு சர்ச்சை எழுந்தபோது இந்திய ஊழியர்களிடம் எத்தனை பேர் கருத்துக் கேட்டிருப்பார்கள்! சிரித்துவிட்டு ஜூஸ் ஆர்டரை எடுத்துக்கொண்டு நகர வேண்டும்.

10. நாட்டுச் சட்டத்தைத் தெரிந்துகொண்டு விமானம் ஏறுங்கள். மதுபானம், பன்றி இறைச்சி, வழிபாட்டுச் சிலைகள் ஆகியவற்றை உள்ளே கொண்டுபோக முடியாது. அம்மா கொடுத்த பிள்ளையார் சிலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மக்கள் வசிக்கும் தீவுக்கு எக்ஸ்கர்ஷன் கூட்டிப்போகும்போது, அதற்கென ஒதுக்கிய பீச் தவிர வேறெங்கும் பிகினி கூடாது என்பதைப் படகு கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். கரையில் இறங்கிய பிறகு சொன்னால் கெஸ்ட்டுக்கும் சங்கடம், ஊர்க்காரர்களுக்கும் கோபம்.

11. இன்டர்வியூவில் ‘கோபமான கெஸ்ட்டை எப்படிச் சமாளிப்பீர்கள்?’ என்று கட்டாயம் கேட்பார்கள். ‘பொறுமையாக இருப்பேன்’ என்பதை உங்களுக்கு முன்னால் வந்தவரும் சொல்லியிருப்பார். நீங்கள் ஒரு கேஸைச் சொல்லுங்கள்: யார், எந்த நாட்டவர், மனக்குறையை எப்படிக் காட்டினார், எத்தனை நிமிடத்தில் என்ன செய்தீர்கள், லாக் புக்கில் என்ன எழுதினீர்கள். ஃப்ரெஷர் என்றால் இண்டஸ்ட்ரியல் ட்ரெய்னிங்கை மாமல்லபுரம், கோவளம் பக்கத்துப் பீச் ஹோட்டல்களில் எடுங்கள், வெளிநாட்டுக் கெஸ்ட்கள் வரும் மாதங்களில் எடுங்கள். அங்கே பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரஷ்ய மொழியிலோ மாண்டரினிலோ வணக்கம், நன்றி, எண்கள், உணவுப் பெயர்கள் என்று கொஞ்சம் கற்றுக்கொண்டு ரெஸ்யூமேயின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். அந்த மொழியில் பேசச் சொல்லிக் கேட்பார்கள், அதனால் முந்தைய இரவு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.