தோட்டத்துக் கரும்பறவைகள்

பிச்சாட்டூர் ஆரணியாற்றின் கரையில் உள்ள ஊர். இங்குள்ள அணையில் தேங்கும் நீர் ஊத்துக்கோட்டை வழியே தமிழ்நாட்டை அடைகிறது. ஆற்றைப் போலவே இப்பகுதிப் பறவைகளும் மாநில எல்லையை அறியா. ஆனால் அவற்றுக்குப் பெயர்கள் இரண்டிரண்டு உண்டு. வீட்டுக்குள் மைனா எனப்படுவது தெருவில் 'கோரிங்க' ஆகிறது. சிட்டுக்குருவி 'பிச்சுக்க' ஆகிறது. மரங்கொத்தியைத் தெலுங்கில் 'வட்ரங்கி பிட்ட' என்பர். 'தச்சுப் பறவை' என்பது அதன் பொருள். இதனினும் பொருத்தமான பெயரைத் தேடுவது அரிது!

பெயர் தெரியாத பறவை ஒன்று வேப்பமரத்தில் வந்தமர்ந்தால் என்ன செய்வது? "கறுப்பாக ஒரு பறவையைக் கண்டேன்" என்று மட்டும் சொன்னால் பறவை வல்லுநராலும் பெயர் கூற இயலாது. தோட்டத்திற்கு வரும் கரும்பறவைகள் பல. ஆகவே அவர் எதிர்க்கேள்வி கேட்பார். அது எங்கே அமர்ந்திருந்தது? வால் எப்படி இருந்தது? அலகு தடித்ததா? என்ன செய்துகொண்டிருந்தது?

மின்கம்பியிலோ மாட்டின் முதுகிலோ வெட்டவெளியில் அமர்ந்து, பறந்து சென்று பூச்சியைப் பிடித்து மீண்டும் அங்கேயே வந்தமர்ந்தால் அது கரிச்சான். அதன் வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அதனால் இரட்டைவால் குருவி என்றும் பெயர். தன் கூட்டருகே காகம் வந்தால் அதைத் துரத்தியடிக்கும் துணிவு இச்சிறு பறவைக்கு உண்டு. இலைகளுக்கிடையே மறைந்திருந்து, சிவந்த கண்ணும் வெளிறிய பச்சை அலகும் காட்டுவது ஆண்குயில். "குக்கூ" எனக் கூவுவதும் அதுவே. பெண்குயிலோ பழுப்பு நிறமும் வெண்புள்ளிகளும் உடையது. பலர் அதனை வேறொரு பறவையென்றே எண்ணுகின்றனர்.

தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. வீட்டுத் தோட்டத்திலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி 'இ-பேர்டு' இணையத்தளத்தில் பதியலாம். வழக்கத்திற்கு மாறான பதிவைத் தன்னார்வ வல்லுநர்கள் சரிபார்ப்பர். ஐயமுள்ள பறவையை ஊகித்து எழுதுவதைவிட விட்டுவிடுவதே நன்று. தவறான பதிவு பின்வரும் ஆய்வையும் பிழையாக்கும்.

வல்லுநருக்கும் துணை வேண்டியிருந்த நிகழ்ச்சி ஒன்று இதே ஆந்திர மாநிலத்தில் நடந்தது. தெலுங்கில் 'கலிவி கோடி' எனப்படும் பறவையை 1848இல் தாமஸ் ஜெர்டான் என்னும் மருத்துவர் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். 1900க்குப் பின் அதனை எவரும் கண்டதாகப் பதிவில்லை. அற்றுப்போயிற்று என்றே கருதினர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர்கள் கடப்பை மாவட்டத்திற்கு வந்து ஊர் மக்களிடம் விசாரித்தனர். இரவில் புதர்களிடையே ஓடி இரைதேடும் அப்பறவையை 1986 சனவரியில் கண்டறிந்தவர் நூலறிவு பெற்றவர் அல்லர். அக்காட்டை நன்கறிந்த உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர்.

அருஞ்சொற்பொருள்
அலகு – பறவையின் மூக்கு
ஐயம் – சந்தேகம்
அற்றுப்போதல் – அடியோடு அழிதல்

பயிற்சி
1. கரிச்சானையும் ஆண்குயிலையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
2. உன் வீட்டருகே 15 நிமிடம் நின்று பறவைகளைக் கவனி. அவற்றின் தமிழ்ப் பெயர்களைத் தாத்தா பாட்டியிடமும் தெலுங்குப் பெயர்களை அண்டை வீட்டாரிடமும் கேட்டு எழுதுக.