அலையாத்திக் காடுகளும் ஆற்றுமுகமும்

அகத்தியர் மலையில் தோன்றும் நெய்யாறு, கேரளத்தின் தென்கோடியில், குளத்தூரை அடுத்துள்ள பூவாரில் கடலோடு கலக்கிறது. பருவமழைக் காலத்தில் ஆற்று வெள்ளம் மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் பாய்கிறது. கோடையில் மணல் சேர்ந்து பொழிமுகம் அடைபடுவதும் உண்டு. இவ்வாறு நன்னீரும் உவர்நீரும் மாறி மாறி ஆட்சி செய்யும் கழிமுகங்களே அலையாத்தி மரங்களின் தாயகம். கேரள மக்கள் இவற்றைக் கண்டல் என்பர். பூவார்க் கழியின் ஓரங்களிலும் இம்மரங்களைக் காணலாம்.

மற்ற மரங்கள் மடிந்துபோகும் உவர்ச் சேற்றில் இவை எவ்வாறு வாழ்கின்றன? சேற்றில் உயிர்வளி மிகக் குறைவு. ஆதலால் வெண்கண்டல் மரம் தன் மூச்சு வேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிக் காற்றைப் பெறுகிறது. மிகுதியான உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுகிறது. சுரபுன்னையோ உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்ட நாற்றாக வளர்ந்த பின்னரே கீழே விழுகிறது.

உதிரும் இலைகள் நீரில் மட்கி, இறால், நண்டு, மீன்குஞ்சுகள் ஆகியவற்றின் உணவுச் சங்கிலிக்கு அடிப்படையாகின்றன. பின்னிக் கிடக்கும் வேர்கள் இளம் உயிரினங்களுக்குப் புகலிடம் அளிக்கின்றன. வண்டலைப் பிடித்து நிறுத்திக் கரையைக் காக்கின்றன. அலையின் வேகத்தையும் தணிக்கின்றன. உயிர்வளி குறைந்த சேற்றில் இலையும் வேரும் முற்றிலும் மட்குவதில்லை. எனவே பெருமளவு கரிமம் நெடுங்காலம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

இத்தனை பயன்களும் ஒன்றைச் சார்ந்தே நிற்கின்றன: தடையற்ற நீரோட்டம். இதற்குத் தமிழ்நாட்டின் பிச்சாவரம் தக்க சான்றாகும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இக்காட்டில், 1970-களின் நடுப்பகுதி வரை பகுதி பகுதியாக மரங்கள் முற்றிலும் வெட்டப்பட்டு வந்தன. நிழல் இழந்த சேறு வெயிலில் உலர்ந்து தாழ்ந்தது. பள்ளங்களில் புகுந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று. உப்பு மட்டும் மண்ணில் மிகுந்தது. வெட்டுதல் நின்ற பின்னரும் அவ்விடங்களில் காடு மீளவில்லை.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையுடனும் கிராம மக்களுடனும் இணைந்து இதற்குத் தீர்வு கண்டது. மீன்முள் வடிவில் ஒரு பெருங்கால்வாயும் அதன் இருபுறமும் சாய்ந்த கிளைக்கால்வாய்களும் வெட்டப்பட்டன. ஓதநீர் நாள்தோறும் வந்து வடிந்தது, உப்பு குறைந்தது, அதன்பின் நட்ட கன்றுகள் தழைத்தன. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின்போது, இக்காட்டின் பின்னால் அமைந்த சிற்றூர்களில் சேதம் குறைவாக இருந்தது குறிப்பிடத்தக்கது.

இப்பாடம் நெய்யாற்று முகத்துக்கும் பொருந்தும். ஆற்றின் மேற்பகுதியில் 1958-ஆம் ஆண்டு முதல் அணை உள்ளது. பாசனத்துக்கு அது இன்றியமையாததே; எனினும், கழிமுகத்தை அடையும் நன்னீரின் அளவும் காலமும் இத்தகைய தேக்கங்களால் மாறுகின்றன. பூவாரிலிருந்து தெற்கே குமரி மாவட்டக் கரையை நோக்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் பல இடங்களில் தூர்ந்துள்ளது. சுற்றுலாக் கட்டடங்கள், படகுப் போக்குவரத்து, நெகிழிக் கழிவு ஆகியனவும் கழிமுகத்துக்குச் சுமையாகின்றன.

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டின் அலையாத்திக் காடுகளின் பரப்பு 4,992 சதுர கிலோமீட்டர். இதில் தமிழ்நாட்டின் பங்கு 45. கேரளத்தின் பங்கு 9 மட்டுமே. பரப்பு இவ்வளவு குறுகிய மாநிலத்தில் ஒவ்வொரு சிறு தோப்பும் மதிப்புடையது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ஆம் ஆண்டிலேயே இக்காடுகளுக்கு உயர்ந்த பாதுகாப்பு அளித்தது; 2019-ஆம் ஆண்டு அறிவிக்கையிலும் அது தொடர்கிறது. ஆனால் கேரளத்தில் கண்டல் நிலங்களின் பெரும்பகுதி தனியார் உடைமை. எனவே, சட்டத்துடன் நில உடைமையாளரின் ஒத்துழைப்பும் வேண்டும்.

கன்றுகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் ஒரு திட்டத்தின் வெற்றியை அளத்தல் ஆகாது. ஓதநீர் எவ்வழியே வருகிறது, எவ்வழியே வடிகிறது, கோடையில் உப்பு எவ்வளவு ஏறுகிறது என்பவற்றை அலுவலர் முதலில் அறிதல் வேண்டும். குளத்தூர் போன்ற கடலோர ஊராட்சிகளின் பள்ளி மாணவர்கள் இவற்றை ஆண்டு முழுவதும் குறித்து வைத்தால், அக்குறிப்பே திட்டமிடுவோருக்குப் பேருதவியாகும். நீரின் வழியைக் காப்பவர் காட்டைக் காப்பவராவர்.